பாதி மரம், பாதி சதை

ரோஸ்விதா லாண்ட்ஃபெல்டுக்கு மாயக்கதைகளில் வரும் கூர்க்காது எல்ஃப்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவள் பிழைப்பே அவற்றை நம்பித்தான் ஓடியது. ஆம்ஸ்டர்டாமில் கால்வாயோரக் கட்டடம் ஒன்றில், மாயப்புனைவு நாவல்களை மட்டுமே வெளியிடும் பதிப்பகத்தில் அவள் எடிட்டர். வருகிற நாவல்களில் முதல் பக்கத்தில் தவறாமல் ஒரு வரைபடம் இருக்கும். வடக்கே பனிமலை, நடுவில் கோட்டை, தெற்கே பாலைவனம். அந்தப் பாலைவனத்தில் கறுத்த தோல்காரர்கள் வாழ்வார்கள். கூலிக்குக் கொலை செய்வார்கள், இல்லாவிட்டால் கடைசிப் போருக்கு முந்திய அத்தியாயத்தில் கதாநாயகனுக்காக உயிரை விடுவார்கள். அவர்கள் சாகும் வாக்கியங்களில் ரோஸ்விதா அரைப்புள்ளி சரிபார்ப்பாள்.

அவள் பிறந்தது தென் அமெரிக்காவில், ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் ஆண்ட சுரிநாமில், பாராமாரிபோ நகரத்தில். சின்ன வயதிலேயே அம்மாவோடு ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கு அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தவள். பதிப்பகத்தில் மற்ற எல்லோரும் வெள்ளையர். "இந்த ஆபீஸ்ல கறுப்பா இருக்கறது ரோஸும் காப்பியும்தான்" என்று பதிப்பாளர் மார்னிக்ஸ் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னபோது முதலில் சிரித்தவள் அவள்தான். முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்கள் எவ்வளவு சிரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன், ஜாதிக்காய் விளையும் மொலுக்கத் தீவுகளைக் களமாக வைத்து ஒரு பெண் எழுதிய நாவலுக்காக அவள் பிடிவாதமாக வாதாடியிருந்தாள். புத்தகம் வந்தது. விற்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் அவள் எதைப் புதிதாக முன்வைத்தாலும் மார்னிக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இன்னொரு ஜாதிக்காய்ப் புத்தகமா, ரோஸ்?" என்பார். அது அலுவலகத்தில் நிலைத்துப்போன கேலியாகிவிட்டது. விற்காத எதற்கும் ஜாதிக்காய் என்று பெயர். மெல்ல மெல்ல அவள் எதையும் முன்வைப்பதை விட்டுவிட்டாள்.

அந்த நிலைமையில்தான் ஹெஸ்டி பான்சா என்கிறவரின் நாவல் அவள் கைக்கு வந்தது. ராட்டர்டாமில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். சுரிநாமின் காடுகளுக்குள், அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் வைத்த ஊர்களில் ஒன்றிலிருந்து வந்த குடும்பம். அணை கட்டியபோது அவர்கள் ஊர் ஏரிக்கடியில் போனது. நாவல் அங்கே, அந்த ஏரியின் அடியில் நடந்தது.

ஊரை விட்டுப் போக மறுத்தவர்கள் தண்ணீருக்குக் கீழே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். செத்த மரங்களின் உச்சிகள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. அவர்களுக்கு வானம் என்பது படகுகளின் அடிப்பாகம். மூச்சு விடலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம். ஆனால் வருடம் ஒரு முறை பக்ரு வருகிறான். பக்ரு என்றால் சுரிநாமில் எல்லோருக்கும் தெரியும்: குழந்தை உயரம், பெரிய தலை, உடம்பில் ஒரு பாதி சதை, மறு பாதி மரம், அடித்தால் மரப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவான். ஹெஸ்டியின் பக்ரு வீடு வீடாக வந்து ஆளுக்கு ஒரு சொல்லை வாங்கிப் போகிறான். 'கதவு' என்ற சொல்லைக் கொடுத்த வீட்டில் மறுநாள் யாருக்கும் வெளியே போக வழி தெரியவில்லை. 'அக்கா' என்ற சொல்லைக் கொடுத்தவன், தன்னை வளர்த்தவளை முற்றத்தில் பார்த்து யாரோ என்று நினைக்கிறான். அஜுபா என்கிற நடுவயதுக்காரி, ஒரே ஒரு சொல்லை மட்டும் யாருக்கும் தெரியாமல் வாயில் அடக்கிவைத்திருக்கிறாள். ராஜா இல்லை. போர் இல்லை. உலகத்தைக் காக்கப் பிறந்தவன் என்று எவனும் இல்லை.

மெட்ரோவில் படித்துக்கொண்டே வந்தவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், கடைசி நிலையத்தில் ஆளில்லாத பெட்டியில் உட்கார்ந்து அந்த 'அக்கா' அத்தியாயத்தை இன்னொரு முறை படித்தாள். அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு கையெழுத்துப் பிரதிக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

மார்னிக்ஸும் படித்தார். அவர் முட்டாள் இல்லை.

"நல்லா இருக்கு ரோஸ், நிஜமாவே நல்லா இருக்கு. ஆனா இதை யார் படிப்பாங்க? நம்ம வாசகன் பிடிச்சுக்க ஒரு கைப்பிடி வேணாமா? முதல் பக்கத்துலயே தண்ணியில தள்ளிவிட்டா செத்துப்போயிருவான்."

ஏதாவது செய்ய முடிந்தால் போடலாம் என்றார். செய்ய முடியாவிட்டால் ஜாதிக்காய் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஹெஸ்டி வந்தார். உயரமான, கூச்ச சுபாவம் உள்ள மனிதர். மழைக்கோட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த எடிட்டர் ஒரு சுரிநாம் பெண் என்று பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த விதத்தை ரோஸ்விதாவால் பிறகு பல நாள் மறக்க முடியவில்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே 'மேடம்' போய், ஊர் வழக்கப்படி சகோதரி என்ற பொருளில் 'சிசா' வந்துவிட்டது. மரவள்ளி ரொட்டி ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அப்பா கொடுத்துவிட்டாராம்.

"எழுத ஏழெட்டு வருஷம் ஆச்சு சிசா. வெள்ளைக்கார எடிட்டர் கையில மாட்டி என்ன பாடு படுமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்."

ரோஸ்விதா அவருக்குக் காப்பி கொடுத்தாள். நாவலைப் பற்றி மனசாரப் பாராட்டினாள். அதற்கப்புறம், சின்னச் சின்ன விஷயங்கள்தான், என்று ஆரம்பித்தாள்.

முதலில் ஒரு வரைபடம் கேட்டாள். பூகோள ஆசிரியர், சந்தோஷமாக வரைந்து கொடுத்தார். பிறகு, அஜுபாவுக்கு நாற்பது வயது என்பது வாசகர்களுக்கு ஒட்டாது என்றாள். பதினாறு ஆனது. ஏரி கடலானது, ஏனென்றால் அணை என்று வந்தால் அரசியல் வாடை அடிக்கும். கடலுக்கு அடியில் இருந்த குடிசைகளுக்குக் கோபுரம் முளைத்தது. ஒவ்வொரு முறையும் ஹெஸ்டி, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சிசா" என்பார். அந்த வார்த்தை அவளைக் குத்தியது. குத்தக் குத்த அவள் இன்னும் கேட்டாள். எங்கேயாவது ஒரு இடத்தில் இந்த மனிதன் முடியாது என்று சொல்லிவிட மாட்டானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பக்ருவிடம் வந்தபோதுதான் அவர் தயங்கினார்.

"அவனைக் குள்ளன்னு மாத்தினா போதும், ஹெஸ்டி. தாடி வெச்ச குள்ளன். சுரங்கத்துல இருந்து வர்றவன். படிக்கறவங்களுக்கு டக்குன்னு புரியும்."

"அவன் பாதி மரம் சிசா. அதுதானே அவன்?"

"மரம்னா என்ன ஏதுன்னு நூறு கேள்வி வரும். குள்ளன்னா ஒரு கேள்வியும் வராது."

"எங்க அப்பா அவனைப் பாத்திருக்கார்" என்றார் ஹெஸ்டி. கேலியாகச் சொல்லவில்லை.

ரோஸ்விதா பதில் சொல்லாமல் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குக் கைவந்த வித்தை. எதிரில் இருப்பவர் பேச்சில்லாமல் இருக்க முடியாமல் தானாகவே ஒத்துக்கொள்வார். ஹெஸ்டியும் ஒத்துக்கொண்டார். சொற்களை வாங்குவதற்குப் பதிலாகக் குள்ளன் தங்கம் வாங்கினான். கடைசி அத்தியாயத்தில் ஒரு போர் சேர்ந்தது. அஜுபா என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று விற்பனைப் பிரிவு சொன்னதால் அவள் ஆட்ரா ஆனாள். அட்டைப் படத்தில் ஆட்ரா வெள்ளி முடியோடு நின்றாள். தண்ணீருக்குள் எல்லோரும் வெளிறித்தானே தெரிவார்கள் என்று ஓவியர் சொன்னாராம்.

புத்தகம் வசந்த காலத்தில் வந்தது. ஒரு பழைய கோட்டைத் தோட்டத்தில் மாயக்கதை ரசிகர்களின் சந்தை நடக்கும். ரசிகர்கள் ரப்பர் காதும் இறக்கையும் மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஹெஸ்டி கோட்டும் டையுமாக வந்து, தன் புத்தகக் குவியலுக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்தார். பக்கத்து மேஜையில் யோரிட் ஹாவர்காம்ப். பதிப்பகத்தின் பொன் முட்டை வாத்து. டிராகன் வரிசையில் பத்துப் பன்னிரண்டு நாவல்கள் எழுதியவர். அவர் முன்னால் வரிசை நீரூற்றுவரை நீண்டிருந்தது. ஹெஸ்டியிடம் இரண்டு பேர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். எல்ஃப் காது மாட்டிய ஒருவன் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரா வேஷம் போட்டு வந்திருக்கீங்க? செக்யூரிட்டியா?" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஹெஸ்டியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ரோஸ்விதாவுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. காப்பி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அவள் அங்கிருந்து நழுவினாள்.

விமர்சனம் ஒன்றே ஒன்று வந்தது. பெரிய பத்திரிகையில், அரைப்பக்கம். வரைபடத்தைப் பார்த்ததும் பாதிக் கதை தெரிந்துவிட்டது, குள்ளனைப் பார்த்ததும் மீதியும் தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார் விமர்சகர். கோட்டை, இளவரசி, தங்கம், போர் என்று அடுத்தவன் வீட்டுப் பழைய சாமான்களையே எத்தனை காலம் தூசி தட்டி அடுக்குவது? உலகத்தில் இத்தனை மக்களுக்கு இத்தனை பேய்களும் நதிகளும் இருக்கும்போது, இந்தத் துறைக்கு மூச்சுத் திணறுவது தெரியவில்லையா? அதிலும் காட்டுக்குள் தனி உலகம் கட்டி வாழ்ந்த மக்களின் வழிவந்த ஒருவர், தன் சொந்தக் கதைகளைக் கண்டு வெட்கப்பட்டு இன்னொருவன் கோட்டைக்குள் ஒளிந்துகொள்வது கோழைத்தனம் என்று முடித்திருந்தார்.

கோழை என்ற அந்தச் சொல்லைப் பற்றி ஹெஸ்டி போனில் எதுவும் பேசவில்லை. அப்பாவைப் பற்றித்தான் பேசினார். அப்பாவுக்கு டச்சு படிக்க வராது. மகன் தினம் ஒரு அத்தியாயம் அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தாராம். கிழவர் பொறுமையாக, தலையை ஆட்டிக்கொண்டு, முழுப் புத்தகத்தையும் கேட்டாராம்.

"முடிச்சதும் ஒரே ஒரு கேள்விதான் சிசா கேட்டார். 'கதை நல்லாத்தான் இருக்கு, இந்தக் கிரீடம் வெச்சவங்க யாருப்பா, அணை கட்டினவங்களா?'ன்னார். நான் என்னத்தைச் சொல்றது?"

அடுத்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் ரோஸ்விதா. அடுத்த புத்தகம் கிடையாது என்று அன்று காலைதான் மார்னிக்ஸ் சொல்லியிருந்தார். அதை ஹெஸ்டியிடம் சொல்லும் வேலையை அவள் உதவியாளர் தலையில் கட்டினாள்.

அரைப்பக்க விமர்சனத்தை மார்னிக்ஸ் வேறு விதமாகப் படித்தார். அடுத்த பருவக் கூட்டத்துக்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். லண்டனில், பெர்லினில் எல்லாம் காற்று மாறிவிட்டது, எல்ஃப்களைக் கண்டு வாசகன் கொட்டாவி விடுகிறான், இனிமேல் 'பல உலகங்கள்' என்று ஒரு புதிய வரிசை, அதற்குப் பொறுப்பு ரோஸ் என்று அறிவித்தார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். வரிசையின் முதல் புத்தகத்தை யோரிட் எழுதுவார் என்றார்.

"யோரிட்டா?" என்றாள் ரோஸ்விதா.

"போன வருஷம் ரெண்டு வாரம் சுரிநாம் போயிட்டு வந்தான். கொசுக்கடியை இன்னும் காட்டிக்கிட்டுத் திரியறான். பேர் இருக்கறவன் முதல்ல கதவைத் திறக்கட்டும், ரோஸ். அப்புறம் உன் ஆளுங்க வரட்டும். நீ அவனோட ஒரு நாள் சாப்பிடப் போ. உங்க ஊர்க் கதை ஏதாவது சொல்லு."

அவள் போனாள். ஹெஸ்டியின் பழைய பிரதியை எடுத்துப் போகவில்லை. அப்படிச் செய்யக்கூடியவள் நான் இல்லை என்று டிராமில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் யோரிட் நல்ல கேட்பவர். கன்னத்தில் கை வைத்து, சூப்பு ஆறுவதுகூடத் தெரியாமல், இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தத் தொழிலில் யாரும் அவள் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. பக்ரு யார் என்று சொல்ல ஆரம்பித்தவள், தண்ணீருக்கடியில் இறங்கும் வெளிச்சத்தைச் சொன்னாள். படகுகளின் அடிப்பாகத்தைச் சொன்னாள். கதவு என்ற சொல்லைக் கொடுத்த வீட்டைச் சொன்னாள். அக்காவை மறந்தவன் கதையைச் சொன்னபோது அவள் கண் கலங்கியது. யோரிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் உங்க ஊர்ல எல்லாரும் சொல்ற கதைதானா?"

அவள் தண்ணீர் குடித்தாள். "ஆமா, எல்லாரும் சொல்றதுதான்" என்றாள்.

யோரிட்டின் நாவல் வேகமாக வந்தது. கோபுரங்கள் இல்லை, வரைபடம் இல்லை. ஏரி ஏரியாகவே இருந்தது. நாற்பது வயதுக்காரி நாற்பது வயதுக்காரியாகவே இருந்தாள். ரோஸ்விதா ஒரு வரியையும் வெட்டச் சொல்லவில்லை. பாதி மரமும் பாதி சதையுமான ஒரு முகம் அட்டையை நிறைத்தது. அதே விமர்சகர் இந்த முறை முழுப்பக்கம் எழுதினார். ஒரு டச்சு எழுத்தாளர் கடைசியாக ஐரோப்பாவின் கோட்டைவாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டார் என்று. நூலகங்கள் வாங்கின, பரிசு வந்தது. நன்றியுரையில் யோரிட் முதலாவதாகச் சொன்ன பெயர் ரோஸ்விதாவுடையது. அவளுடைய புதிய அறைக்குக் கால்வாயைப் பார்த்த ஜன்னல் கிடைத்தது.

இலையுதிர் காலத்தில் உட்ரெக்டில் இருந்த ஒரு சின்னப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. பேசிய பெண் இளம் எடிட்டர், புதிதாக வேலைக்கு வந்தவள். ஹெஸ்டி பான்சா என்று ஒருவர் ஒரு நாவல் அனுப்பியிருக்கிறார், பல வருடம் முன்பே எழுதியது என்கிறார், தனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் ஹாவர்காம்ப் புத்தகம் மாதிரியே இருக்கிறது என்றாள். "ஏரிக்கடி ஊர், சொல் வாங்கற பக்ரு, எல்லாமே இருக்கு. உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு புத்தகம் போட்டவராமே. அவரைத் தெரியுமா? இது யாரோடது? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் இங்க சண்டை போட்டு வாங்கிருவேன்."

ரோஸ்விதா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். எதிரில் அலமாரியில் அந்த மர முகம் வரிசையாக நின்றது. ஒரு வாக்கியம் போதும். அது வெளியே போனால் யோரிட், மார்னிக்ஸ், அவள், மூன்று பேரும் நாறிப்போவார்கள் என்று தெரிந்தது. அதைவிடத் தெளிவாக இன்னொன்று தெரிந்தது: மற்ற இரண்டு பேரும் ஒரு மாதத்தில் எழுந்துவிடுவார்கள். அவள் எழுந்திருக்க மாட்டாள்.

"ஹெஸ்டி ரொம்ப நல்ல மனுஷன்" என்றாள்.

"அது சரி. ஆனா நாவல்?"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்னு நினைக்கறேன். யோரிட்டோட புத்தகம் முதல்ல வந்துச்சு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ரோஸ்விதா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று முழுவதும் அவள் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கோடையில் தென்கிழக்குப் பூங்காவில் சுரிநாம் மக்களின் திருவிழா நடந்தது. 'பல உலகங்கள்' வரிசைக்கு அங்கே ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது யாரோ "சிசா" என்று கூப்பிட்டார்கள். ஹெஸ்டி. மெலிந்திருந்தார். அவள் நழுவுவதற்குள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

அப்பா குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். எழுதுகிறீர்களா என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"விட்டுட்டேன் சிசா. பழைய பிரதியை உட்ரெக்டுக்கு அனுப்பிப் பாத்தேன். யோரிட் புத்தகத்தோட காப்பின்னு பதில் வந்துச்சு. முதல்ல ரத்தம் கொதிச்சுது. அப்புறம் அவர் புத்தகத்தை வாங்கிப் படிச்சேன். என்னோடதைவிட நல்லா எழுதியிருக்கார். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அப்பா சொன்னதைத்தானே எழுதினேன், அது ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான் போல. நான்தான் என் தலையில உதிச்சதுன்னு நினைச்சுட்டேன். அந்த அக்கா கதைகூட."

"உங்க அப்பா சொன்னதா, அந்த அக்கா கதை?"

"ஞாபகம் இல்ல சிசா. நான் எழுதினதுன்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். அவர்கிட்டக் கேக்கலாம்னா அவரும் இல்ல."

ரோஸ்விதா வாயைத் திறந்தாள். மேடையில் யாரோ மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சல் அடங்கட்டும் என்று நின்றாள். அடங்கியது. நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன் என்றாள்.

ஹெஸ்டி அவளை விடவில்லை. சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து ஒரு நீள மேஜைக்கு அழைத்துப் போனார். அவருடைய சொந்தக்காரர்கள் பத்துப் பேர் அங்கே கோழியும், கிழங்கை அரைத்து அடுப்பில் சுடும் பொம்மும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கதான் என் எடிட்டர்" என்று அவர்களிடம் சொன்னார். "அந்தப் பதிப்பகத்துல எனக்குன்னு நின்ன ஒரே ஆள்."

பெஞ்சில் இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஒரு பெண் தட்டைத் துடைத்து, பொம்மின் ஓரத்தில் முறுகலாக இருந்த பாகத்தைப் பார்த்து வெட்டி வைத்து, அதன் மேல் ஊறுகாயும் போட்டு அவள் முன்னால் நகர்த்தினாள். ரோஸ்விதா உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். அவர்கள் இன்னும் கொஞ்சம் வைத்தார்கள்.